நீளமான ஆங்கில வார்த்தையை வாலில் பிடி

என்னிடம் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் படித்த பெண் ஒருத்தி இப்போது குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. (ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட்) என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாள். அவள் கேட்டது இது:

"சார், சின்ன வார்த்தைன்னா பிரச்சினை இல்ல. எலக்ட்ரோஎன்செஃபலோக்ராம் மாதிரி நீளமா வந்தா நாக்கு குழறுது. அசை பிரிச்சுப் படின்னு எல்லாரும் சொல்லுதாவ. பிரிச்சா ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல வெட்டு விழுது. டிக்‌ஷனரியில ஒரு மாதிரி, வாயால சொன்னா வேற மாதிரி, அர்த்தம் பாத்துப் பிரிச்சா இன்னொரு மாதிரி. இதுல எது சரி?"

மக்களே, நீ வெட்டிய எல்லா இடமும் சரியாகவே இருக்கலாம். ஒரு நீண்ட ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரே சமயத்தில் மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, நாக்கு அதை அசை அசையாகச் சொல்கிறது. இரண்டு, அந்த அசைகளில் ஒன்று மட்டும் முக்கிய அழுத்தம் வாங்குகிறது. மூன்று, பொருள் தரும் துண்டுகள் உள்ளே ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மூன்றுக்கும் வெட்டு ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ளதும் இல்லை. 'நடந்தனன்' என்ற சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணத்தில் பிரித்தது நினைவிருக்கும். நட பகுதி. த் சந்தி, அது ந் ஆனது விகாரம். அடுத்த த் இறந்தகால இடைநிலை. அன் சாரியை. கடைசி அன் விகுதி. நன்னூல் சொல்லும் ஆறு உறுப்பும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இப்போது அதையே வாயால் மெதுவாகச் சொல்லிப் பார்: ந, டந், த, னன். நான்கு துண்டு. இந்த நான்கில் எதுவுமே அந்த உறுப்புகளில் ஒன்றோடு முழுசாகப் பொருந்தவில்லை. 'த' என்று வாய் சொல்வது இடைநிலையின் த்தும் சாரியையின் அகரமும் சேர்ந்தது. 'னன்' என்பதில் சாரியையின் வாலும் விகுதியும் கலந்திருக்கிறது. தமிழில் இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம். ஆங்கிலத்தில் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அசையை எண்ணுவோம். சிலபிள் என்பதைத்தான் அசை என்று சொல்கிறேன். யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே கொண்டுவராதே. தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டவர் அதங்கோட்டு ஆசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்று இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அந்த இலக்கணத்தின் கணக்கில் 'கருவிளம்' இரண்டு அசை, நிரை நிரை. ஆங்கிலக் கணக்கில் அதே சொல் நான்கு சிலபிள்: க, ரு, வி, ளம். அளவுகோலே வேறு.

ஆனால் நம் எழுத்து நமக்கு வேறொரு வசதி தருகிறது. இங்கிலீஷ்காரப் பிள்ளைகளுக்குக்கூட இது கிடையாது. ஒரு சொல்லைக் காதில் கேட்டபடி தமிழில் எழுது. புள்ளி வைத்த எழுத்தையும் ஆய்தத்தையும் விட்டுவிடு. மீதி எழுத்தை எண்ணு. அதுதான் அசைக் கணக்கு. நாகர்கோவில் என்றால் நா, க, கோ, வி, நான்கு. மார்த்தாண்டம் மூன்று. ஹைப்பர்டென்ஷன் என்றால் ஹை, ப, டெ, ஷ, நான்கு. டயபெட்டீஸ் நான்கு. பாட்டில் இரண்டு, பட்டன் இரண்டு. ஆங்கில எழுத்தில் பாட்டிலின் கடைசி அசையைப் பார்த்தால் எல், ஈ என்று நிற்கும், உயிர் எங்கே ஒலிக்கிறது என்று பிள்ளைகள் குழம்புவார்கள். தமிழில் எழுதினால் அந்தக் குழப்பமே வராது. ஏன் இது வேலை செய்கிறது என்றால், ஓர் அசைக்கு நடுவில் ஓர் உயிரொலி இருக்கும். மெய்கள் அதன் முன்னும் பின்னும் தொற்றிக்கொள்ளும். நம் எழுத்து உயிரைத் தாங்கிய எழுத்துக்கும் வெறும் மெய்க்கும் புள்ளியால் வித்தியாசம் காட்டுகிறது.

ஒரே ஒரு நிபந்தனை. புள்ளியை நேர்மையாக வைக்க வேண்டும். 'குளுக்கோஸ்' என்று எழுதினால் மூன்று அசை வரும். ஆங்கிலத்தில் அது க்ளூக்கோஸ், இரண்டுதான். 'பிளட்' என்று எழுதினால் இரண்டு, ப்ளட் என்றால் ஒன்று. மெய்யோடு மெய் ஒட்டி நிற்பது நமக்குப் பழக்கமில்லை, அதனால் நடுவில் ஒரு இ, ஒரு உ செருகிவிடுகிறோம். கேட்கிற வெள்ளைக்காரருக்கு அங்கே ஓர் அசை கூடிவிடுகிறது. ஸ்ட்ரெங்த்ஸ் என்ற சொல்லை எழுதிப் பார்: புள்ளி இல்லாத எழுத்து 'ரெ' ஒன்றே ஒன்று. அத்தனை மெய்யும் அந்த ஒரு உயிரைச் சுற்றி நிற்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெம்பரேச்சர் என்று நாம் நான்கு அசையில் சொல்வதை அவர்கள் டெம்ப்ரச்சர் என்று மூன்றில் முடிப்பார்கள். வெஜிடபிள் அவர்கள் வாயில் வெஜ்டபிள். அதனால்தான் ஸ்பெல்லிங்கைப் பார்த்து எழுதாதே, காதால் கேட்டு எழுது என்கிறேன். கேட்க வசதி இல்லையென்றால் மோவாய்க்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல். அநேகமாக ஒவ்வொரு உயிருக்கும் தாடை ஒருமுறை கையில் இறங்கும்.

அசைக்கு இவ்வளவு போதும். உண்மையான சிக்கல் அழுத்தத்தில் இருக்கிறது. நீ குழறுவதற்கும் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

தமிழ்க் காது நீளத்தைக் கேட்டுப் பழகிய காது. பல், பால். படு, பாடு, பட்டு, பாட்டு. குறிலா நெடிலா, ஒற்று இருக்கிறதா இல்லையா என்பதில் நமக்குப் பொருளே மாறிவிடும். எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் 'பாட்டு' பாட்டுதான். ஆங்கிலக் காது அப்படி இல்லை. அது அழுத்தத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு நீண்ட சொல்லில் ஓர் அசையை மட்டும் சற்று உரக்க, சற்று நீட்டி, சற்றுக் குரல் உயர்த்திச் சொல்வார்கள். மற்றவை மங்கிவிடும். கேட்கிறவர் அந்த ஓங்கிய அசையைப் பிடித்துத்தான் சொல்லையே அடையாளம் காண்கிறார். நாம் எல்லா அசைக்கும் சம எடை போட்டு, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஓட்டினால், ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தும் அவருக்குச் சொல் பிடிபடாது.

போன மழைக்காலத்தில் தக்கலையில் என் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு. அறுவை அரங்கில் இரண்டு வருஷம் வேலை பார்த்த ஒரு பிள்ளை நோயாளியோடு பேசுவது போல நடித்துக் காட்டினாள். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று நன்றாக உரக்கத்தான் பேசினாள். மயக்க மருந்து கொடுப்பதை அனஸ்'தீ'ஷியா என்று சரியாகச் சொன்னாள், அழுத்தம் 'தீ'யில். அடுத்த வரியிலேயே அதைக் கொடுக்கும் டாக்டரை அனஸ்'தீ'டிஸ்ட் என்றாள். நான் பலகையில் மூன்று சொல்லை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அழுத்தம் விழும் அசையைச் சுற்றி வட்டம் போட்டேன். அனஸ்'தீ'ஷியா. அனஸ்'தெ'ட்டிக். அ'னீஸ்'தடிஸ்ட். ஒரே வேரிலிருந்து வந்த மூன்று சொல். வால் மாற மாற வட்டம் இடம் மாறுகிறது, வட்டத்துக்குள் இருக்கும் உயிரும் மாறுகிறது. "சார், தியேட்டர்ல ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுத வார்த்தை" என்றாள். எழுந்து போய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, மூன்றாவது வட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, 'னீஸ்' என்ற இடத்தில் விரலால் தட்டித் தட்டி ஏழெட்டு முறை சொன்னாள். பிறகு மாறவே இல்லை.

அழுத்தம் விழாத உயிர்கள் என்ன ஆகும்? பெரும்பாலும் தங்கள் முகத்தை இழந்து, ஒரு மங்கலான குட்டி ஒலியாகிவிடும். ஏ-யும் அப்படித்தான் ஒலிக்கும், ஓ-வும் அப்படித்தான். ஷ்வா என்று அதற்குப் பெயர். இதைச் சொல்லிக்கொடுக்க நான் எங்கும் போக வேண்டியதில்லை, நம்மிடம் குற்றியலுகரம் இருக்கிறது. 'நாடு' என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறதா? இல்லை. பாதி மாத்திரையில் தேய்ந்துவிடுகிறது. 'நடு' என்று சொன்னால் அதே உகரம் முழுசாக நிற்கிறது. அந்தத் தேய்ந்த ஒலியே ஷ்வா என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் உயிரைத் தேய்த்துச் சொல்ல உன் வாய்க்குத் தெரியும். மலையாளம் காதில் விழுந்து வளர்ந்த நம் மேற்குப்பகுதி ஆட்களுக்கு இன்னும் எளிது. வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயரை 'பனானா' என்று நீட்டாமல், முதல் பகரத்தையும் கடைசி னகரத்தையும் அப்படித் தேய்த்து, நடுவில் உள்ள 'னா'வை மட்டும் நிறுத்திச் சொல்லிப் பார்.

சரி, எந்த அசையில் அழுத்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் வாலுக்கு வருகிறோம். நீண்ட சொல்லை எல்லோரும் தலையிலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். நான் வாலிலிருந்து பிடிக்கச் சொல்வேன். ஏனென்றால் அழுத்தத்தை அநேகமாக முடிவு செய்வது பின்னொட்டு.

டி-ஐ-ஓ-என், எஸ்-ஐ-ஓ-என் என்று முடிந்தால் அந்த வாலுக்கு நேர் முந்திய அசையில் அழுத்தம்: இன்'ஜெக்'ஷன், ப்ரி'ஸ்க்ரிப்'ஷன், ரிசஸி'டே'ஷன். ஐ-சி என்று முடிந்தாலும், ஐ-ஏ-என் என்று முடிந்தாலும் அதே கதை: பீடி'யாட்'ரிக், பீடியட்'ரி'ஷன். இந்த ஒரு விதி மட்டும் தெரிந்தாலே மருத்துவச் சொற்களில் பெரும்பங்கு உன் கைக்கு வந்துவிடும்.

இன்னொரு கூட்டம் ஒய் எழுத்தில் முடிவது. லஜி, க்ரஃபி, ஸ்கபி, டமி, ஸ்டமி, இட்டி. இவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம். கார்டி'யா'லஜி, லேப்ப'ரா'ஸ்கபி, மார்'டா'லிட்டி. உனக்குத் தினமும் காதில் விழும் ஒரு ஜோடியை வைத்துப் பார்: ஆஞ்சியோக்ராம், ஆஞ்சியாக்ரஃபி. முதலாவதில் அழுத்தம் தொடக்கத்திலுள்ள 'ஆ'வில். இரண்டாவதில் 'யா'வுக்குப் போய்விடும். க்ராம் என்ற வால் அழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்காது, முன்னால் நிற்கும் உறுப்பின் பெயரிலேயே விட்டுவிடும். க்ரஃபி என்ற வால் இழுத்துக்கொள்ளும்.

சில வால்கள் அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். ஐட்டிஸ் என்றால் எப்போதும் அந்த 'ஐ'யில்: ப்ராங்'கை'ட்டிஸ், ஹெப்ப'டை'ட்டிஸ். ஓசிஸ் என்றால் பெரும்பாலும் 'ஓ'வில்: டியூபர்க்யு'லோ'சிஸ். ஓமா, ஈமியா இரண்டும் அப்படியே. பொதுச் சொற்களில் இன்ஜி'னியர்', வாலன்'டியர்', ஜப்ப'னீஸ்' இந்த வகை.

நெஸ், லெஸ், ஃபுல், மெண்ட், லி, இங் போன்றவை சாதுவான வால்கள். எத்தனை வந்து ஒட்டினாலும் அழுத்தம் அசையாது. அ'செஸ்' என்பது அ'செஸ்'மெண்ட் ஆனாலும் 'செஸ்'தான். நீ எழுதப்போகும் தேர்வின் பெயரிலேயே ஆக்குபேஷனல் இருக்கிறது: ஷன் என்ற வால் 'பே'க்கு அழுத்தம் கொடுத்துவிட்டது, அதன்மேல் வந்த 'அல்' எதையும் மாற்றவில்லை.

விதிக்கு அடங்காதவை உண்டு. ஐ-சி என்று முடிந்தும் கேத்தலிக் என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். நம் மாவட்டத்தில் தினமும் நாலுமுறை சொல்கிற வார்த்தை. அதே எஸ்-ஐ-ஓ-என் வால் இருந்தும் டெலிவிஷனில் அழுத்தம் பொதுவாக 'டெ'யில்தான். இவற்றை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

இரண்டு அசைச் சொற்களில் ஒன்றைக் கட்டாயம் கவனி. டிரான்ஸ்ஃபர், டிஸ்சார்ஜ், இன்க்ரீஸ் ஆகியவை பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இரண்டாவது அசையில்தான். இதைவிட முக்கியம் எண்கள். தேர்'டீன்', 'தேர்'ட்டி. ஃபிஃப்'டீன்', 'ஃபிஃப்'டி. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் நீளமும், அழுத்தம் விழும் இடமும், கடைசியில் வரும் ஒரு னகர ஒற்றும்தான். தொலைபேசியில் அந்த ஒற்று காணாமல் போகும். மருந்தின் அளவைச் சொல்லும்போது அழுத்தத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, கூடவே "ஒன் ஃபைவ்" அல்லது "ஃபைவ் ஜீரோ" என்று எண்ணைத் தனித்தனியாகவும் சொல்லிவிடு. இதில் கூச்சமே படாதே.

இனிப் பொருள் துண்டுகள். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

நெய்யூர் மருத்துவமனையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் சோமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுக்களில் இருந்தவர். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தும் நெய்யூருக்கு வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் தென் திருவிதாங்கூரில் குடல்புண் அதிகம். அதற்குச் செய்த அறுவைச் சிகிச்சையின் பெயர் கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி. நம் தாத்தா பாட்டிமார் 'வயித்து ஆபரேஷன்' என்று சொல்லிவிட்டுப் போனதுதான் இது. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம்.

வாலைப் பிடி: ஆஸ்டமி. கிரேக்கத்தில் வாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; புதிதாக ஒரு வாய் திறப்பது. அதற்கு முன்னால் ஜெஜுன்: சிறுகுடலின் நடுப்பகுதி. லத்தீனில் வெறும் வயிறு, பட்டினி என்று பொருள். இறந்தவர் உடலில் அந்தப் பகுதி காலியாகக் கிடந்ததால் வந்த பெயர். தலையில் கேஸ்ட்ரோ: இரைப்பை. இரைப்பைக்கும் சிறுகுடலின் நடுப்பகுதிக்கும் இடையே ஒரு வாய். சொல்லே ஆபரேஷனைப் படம் போட்டுக் காட்டிவிடுகிறது.

இப்போது அதே சொல்லை வாயால் பிரி: கேஸ், ட்ரோ, ஜெ, ஜு, னாஸ், ட, மி. ஏழு அசை. ஒய் வால், எனவே கடைசியிலிருந்து மூன்றாவது, 'னாஸ்'. அந்த 'னா'வை உற்றுப் பார். ன் என்பது ஜெஜுனுக்குச் சொந்தம். ஆ என்பது ஆஸ்டமிக்குச் சொந்தம். இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தாகி, அதன் தலையிலேயே அழுத்தமும் ஏறி உட்கார்ந்துவிட்டது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று நீ மனப்பாடம் செய்த அதே சங்கதி. "வேற வேற இடத்துல வெட்டு விழுது" என்று கேட்டாயே, அதற்குப் பாதிக்குமேல் விடை இந்த ஒரு 'னா'வில் இருக்கிறது. மெய்யில் முடியும் துண்டும் உயிரில் தொடங்கும் துண்டும் சந்தித்தால், நாக்கு அந்த மெய்யை அடுத்த உயிரோடு கூட்டிக்கொண்டு போய்விடும். அபெண்டிக்ஸ் என்பது அபெண்டிசைட்டிஸ் ஆகும்போது க் ச் ஆகத் திரிவதும் நம் விகாரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்.

ஆஸ்டமி என்றால் வாய் திறப்பது, ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது, எக்டமி என்றால் வெட்டி எடுத்தேவிடுவது. மூன்று வாலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நோயாளிக்கு நடப்பது மூன்றும் வேறு. வாலைப் பிடித்தால் உச்சரிப்பு மட்டுமில்லை, பொருளும் கூடவே வரும்.

தலையில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹைப்பர்க்ளைசீமியா, ஹைப்போக்ளைசீமியா. ஒன்று சர்க்கரை ஏறியது, ஒன்று இறங்கியது. ஈமியா வால் அழுத்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால் இரண்டிலும் 'சீ'தான் ஓங்கிக் கேட்கும். உயிரைக் காப்பாற்றும் வித்தியாசமோ இரண்டாவது அசையில், 'ப்பர்' என்பதா 'ப்போ' என்பதா என்பதில், அழுத்தமே இல்லாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். பணி மாறும்போது அடுத்த ஆளிடம் இதைச் சொல்ல நேர்ந்தால் அந்த இரண்டாவது அசையை வேண்டுமென்றே நிறுத்திச் சொல். கூடவே சர்க்கரை அளவையும் சொல்லிவிடு.

எவ்வளவு நீண்ட சொல்லானாலும் முறை இதுதான். அகராதிகளில் இடம்பிடித்த மிக நீண்ட ஆங்கிலச் சொல் ஒன்று நுரையீரல் தூசு நோயின் பெயர்; 1935-இல் அமெரிக்கப் புதிர்க்காரர் சங்கத்தின் தலைவர் வேண்டுமென்றே கட்டி உருவாக்கியது. நியூமோனோ, அல்ட்ரா, மைக்ரோஸ்கோப்பிக், சிலிகோ, வால்கனோ, கோனி, ஓசிஸ். 45 எழுத்து, 19 அசை. நுரையீரல், மிகமிக, கண்ணுக்குத் தெரியாத அளவு, சிலிக்கா, எரிமலை, தூசு, நோய்நிலை. அழுத்தம்? ஓசிஸ் வால், அதனால் 'ஓ'வில். உன்னால் சொல்ல முடிகிறது பார்.

பொருள் துண்டை எங்கே வெட்டுவது என்பதில் ஆங்கிலம் பேசுகிறவர்களே தடுமாறியிருக்கிறார்கள். ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்று அவர்கள் வெட்டி, முதல் பாதியை வைத்து ஹெலிபேட் என்று சொல் செய்தார்கள். கிரேக்கத்தில் அது ஹெலிகோ, ப்டர்: சுருள், சிறகு. உண்மையான வெட்டு 'காப்' என்ற அசையின் நடுவில் விழுகிறது. அந்த இடத்தில் வெட்ட ஆங்கில நாக்கால் முடியாது.

இதற்கு நம் கடற்கரையிலிருந்தே இன்னொரு சொல் உண்டு. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது. அவர்கள் வழக்கில் இரண்டு உடல் சேர்ந்த படகுக்கு அந்தப் பெயர் நின்றது. பிறகு மூன்று உடல் வைத்துப் படகு செய்தபோது 'மரான்' என்பதைத் தனியே எடுத்து முன்னால் 'ட்ரை' சேர்த்து ட்ரைமரான் என்றார்கள். வெட்டிய இடம் சரியான இடம். கட்டு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். ஆனால் முன்பாதி இங்கே இரண்டைக் குறிக்கவில்லை. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதைக் குறித்தது. முட்டத்திலோ குளச்சலிலோ கரையேற்றி வைத்த பழைய கட்டுமரம் ஒன்று கிடந்தால் போய்ப் பார். முன்னும் பின்னும் கயிறு சுற்றிய தடம் மரத்தில் பள்ளமாகவே பதிந்திருக்கும். அந்தப் பள்ளம்தான் அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் பாதி.

டிக்‌ஷனரியில் வேறு மாதிரி இருக்கிறது என்றாயே. தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகள் பெரும்பாலும் வரி முடிவில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று அச்சுக்காரருக்குச் சொல்பவை. அதில் பிரிட்டன் வழக்கம் பொருள் துண்டைப் பார்க்கும், அமெரிக்க வழக்கம் உச்சரிப்பைப் பார்க்கும். உனக்கு வேண்டியது அந்தப் புள்ளி இல்லை. பக்கத்தில் உச்சரிப்புக் குறியில், ஓர் அசைக்கு முன்னால் மேலே செங்குத்தாக ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு அடுத்த அசையில்தான் முதன்மை அழுத்தம். கீழே ஒரு கோடு இருந்தால் அது துணை அழுத்தம்.

இனி நீ கேட்ட சொல்லுக்கு வருவோம். எலக்ட்ரோஎன்செஃபலோக்ராம். முதலில் வால்: க்ராம், எழுதிய பதிவு. இழுக்காத வால், எனவே அழுத்தம் அதற்கு முன்னால் உள்ள உறுப்பின் பெயரில். உறுப்பு எது? என்செஃபல். 'என்' என்றால் உள்ளே, 'செஃபல்' என்றால் தலை. தலைக்குள்ளே இருப்பது, மூளை. நடுவில் வரும் 'ஓ' நம் சாரியை மாதிரி இரண்டையும் இணைக்க வந்தது, தனிப் பொருள் இல்லை. தலையில் எலக்ட்ரோ, மின்சாரம். மூளையின் மின்னோட்டத்தை எழுதிய பதிவு.

இப்போது புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணு: எ, ல, ரோ, எ, செ, ப, லோ, ரா. எட்டு. அழுத்தம் ஐந்தாவது அசையில், 'செஃப்' என்ற இடத்தில். முதலில் செஃபலோக்ராம் என்று மட்டும் பத்துமுறை சொல், 'செ'வில் மேசையைத் தட்டு. பிறகு முன்னால் 'என்' சேர், தட்டு மாறக் கூடாது. கடைசியில் எலக்ட்ரோவைச் சேர். அதில் 'லக்'கில் லேசாக ஒரு சின்ன அழுத்தம் இருக்கட்டும், ஆனால் 'செ'வைத் தாண்டி எழும்பக் கூடாது. எலக்ட்ரோஎன்'செ'ஃபலோக்ராம். சில மருத்துவர்கள் அதே இடத்தை 'கெஃப்' என்பார்கள், அதுவும் சரிதான், அழுத்தம் அங்கேயேதான் இருக்கும். நாளைக்கு வார்டில் இந்தப் பரிசோதனை எழுதிய கேஸ் ஷீட் கையில் வந்தால், படுக்கைக்குப் போகும் வழியிலேயே வாலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்.